கெத்தேல் சாகிப் ஏன் பார்க்கவில்லை?

சென்ற குளிர்காலத்தில் என் மகள் ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பை ஆங்கிலத்தில் வாசித்தாள். பிரியம்வதா ராம்குமாரின் மொழிபெயர்ப்பு 2022இல் வந்தது. இங்கே பிறந்த பிள்ளையின் கையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். அவளுக்குப் பதினேழு வயது. சீஜெப்பில் முதலாண்டு. சனி ஞாயிறுகளில் ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக நிற்கிறாள். 'சோற்றுக்கணக்கு' கதையை முடித்துவிட்டுக் குசினிக்கு வந்து கேட்டாள்: "அப்பா, அந்த மனுசன் ஏன் அந்தப் பெட்டியைப் பாக்கேல்லை?"

"அவர் நல்ல மனுசன்," என்றேன்.

"நல்ல மனுசன் எண்டா? பிறக்கேக்கையே அப்பிடியா?"

நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. பிறகு புத்தகத்தைத் தமிழில் எடுத்து மறுபடி வாசித்தேன். 2011இல் முதல் தடவை வாசித்தபோது அழுதவன் நான். இந்தத் தடவை அழவில்லை, ஆனால் கூடுதலாகப் பிடித்தது. சில இடங்களில் எழுத்தாளரோடு சண்டையும் வந்தது.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவனந்தபுரம் சாலை பஜாரில் கெத்தேல் சாகிப் என்பவர் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அங்கே விலையும் இல்லை, பில்லும் இல்லை. சாப்பிட்டவர் விரும்பியதை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகலாம், போடாமலும் போகலாம். யாரும் பார்க்கமாட்டார்கள். மாமா வீட்டில் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குப் பார்க்கப்பட்டு அவமானப்பட்ட ஒரு ஏழை மாணவன் அந்தக் கடைக்கு வந்து சேர்கிறான். படித்து முடிக்கும்வரை காசு போடாமலே சாப்பிடுகிறான். வேலை கிடைத்த பிறகு பெருந்தொகையைக் கொண்டுவந்து பெட்டி நிரம்பும் அளவுக்குப் போடுகிறான். சாகிப் அவனை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வழக்கம்போல, முதல்நாள் போட்ட அதே கனத்தோடு, சோற்றையும் மீனையும் அவன் இலையில் போடுகிறார். கடைசியில் அவன், தன்னை அவமானப்படுத்திய அந்த மாமியின் மகளையே மணந்துகொள்கிறான்.

'அறம்' தொகுப்பின் கதைகள் ஒரு சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து எழுதப்பட்டவை. பெரும்பாலானவற்றின் பின்னால் உண்மை மனிதர்கள் இருக்கிறார்கள். 'யானை டாக்டர்' வன மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. 'ஓலைச்சிலுவை' நெய்யூர் மருத்துவமனையின் சாமர்வெல், எவரெஸ்ட் ஏறப்போன அதே சாமர்வெல். இந்தக் கதைகளை வாசித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, எல்லா மனிதருக்குள்ளும் அறம் உறங்குகிறது, ஒரு கணத்தில் விழித்துக்கொள்கிறது என்பதைத்தான். எனக்குத் தெரிந்த வாசிப்பு வட்டங்களிலும் இதே பேச்சுத்தான். புத்தகத்தை அப்படி வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் அப்படி வாசித்தால் அதன் மிகச் சிறந்த கதை கையை விட்டுப் போய்விடுகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

மனித இயல்பு பற்றிய கேள்விக்கு மொன்றியல் பொருத்தமான ஊர். 'வெற்றுப் பலகை' என்ற கருத்தை எதிர்த்து 2002இல் ஒரு தடித்த புத்தகம் எழுதிய ஸ்டீவன் பிங்கர் இங்கே பிறந்து, டோசன் கல்லூரியிலும் மக்கிலிலும் படித்தவர். குழந்தைகளின் ஒழுக்க உணர்வு பற்றி 2013இல் எழுதிய பால் புளூமும் இந்த ஊர்க்காரர், மக்கில் மாணவர். புளூமும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு சின்ன நாடகம் காட்டினார்கள். கண் ஒட்டிய ஒரு மரத்துண்டு மேடேற முயல்கிறது. ஒன்று அதைத் தள்ளி உதவுகிறது, மற்றொன்று கீழே தள்ளிவிடுகிறது. பிறகு எது வேண்டும் என்று நீட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் உதவியதையே எடுத்தன. நன்மை பிறப்பிலேயே இருக்கிறது என்று பலரும் மகிழ்ந்தார்கள். அண்மையில் உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதே சோதனையைப் பெரிய அளவில் செய்துபார்த்தன. குழந்தைகள் ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தன. நாணயம் சுண்டிப்போட்ட மாதிரி.

சரி, இயல்பு என்று ஒன்றுமே இல்லை, எதை எழுதினாலும் பதியும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அதையும் இதே ஊரில் ஒருவர் செய்துபார்த்தார். மவுண்ட் றோயல் சரிவில் இருக்கும் அலன் மெமோரியல் நிலையத்தில் 1964 வரை இயக்குநராக இருந்த டாக்டர் இவன் கமரன், நோயாளிகளை நாட்கணக்கில் மருந்தால் உறங்கவைத்து, மின்னதிர்ச்சி கொடுத்து, பழைய மனதை அழித்து, ஒலிநாடாவில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் புதிய மனதை எழுத முயன்றார். அமெரிக்க உளவுத்துறையின் பணமும் அதற்குள் வந்தது. அழிப்பது நடந்தது, எழுதுவது நடக்கவில்லை. 1992இல் கனடிய அரசு 77 பேருக்குத் தலா ஒரு லட்சம் டொலர் கொடுத்தது. நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடம் இருக்கும் மலை தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம், மனிதனுக்குள் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது நாம் நினைக்கும் 'நன்மை' அல்ல என்று தோன்றும்.

கதைகளுக்கு வருகிறேன். தலைப்புக் கதையான 'அறம்' உள்ளுறையும் நன்மைக்கு எல்லாரும் காட்டும் உதாரணம். பதிப்பாளரால் ஏமாற்றப்பட்ட முதிய எழுத்தாளர் வயிறெரிந்து வெண்பா பாடிவிட்டுப் போகிறார். பதிப்பாளரின் மனைவி, ஆச்சி, விடயம் தெரிந்ததும் உச்சி வெயிலில் உருகும் தார் ரோட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கணவர் பணத்தைக் கொடுத்து முடிக்கும்வரை எழும்பவில்லை. ஆச்சிக்குள் இருந்த அறம் விழித்தது என்று நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். ஆனால் தமிழில் 'அறம்' என்பதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது. பாடப்பட்டவனையும் அவன் குடியையும் அழிக்கும் பாட்டும் அறம்தான், 'அறம் வைத்துப் பாடுதல்'. ஆச்சி தார் ரோட்டில் உட்கார்ந்தது ஒரு ஏழை எழுத்தாளருக்காகவா, தன் பிள்ளைகளின் தலையில் விழப்போகும் சாபத்துக்காகவா? இரக்கமா, நம்பிக்கையா, பயமா? கதை இதைப் பிரித்துச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அதன் பலம் என்பேன். ஆச்சியின் நன்மைக்குப் பின்னால் தெய்வமும் பாட்டும் குலமும் நிற்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 'இயல்பான நன்மை' என்று மிச்சத்தைத் தேடினால் ஆச்சியே மிஞ்சமாட்டார்.

'நூறு நாற்காலிகள்' இன்னும் ஒரு படி போகிறது. நாயாடிச் சமூகத்தில் பிறந்து ஐ.ஏ.எஸ். ஆன தர்மபாலனின் தாய், மகன் நாற்காலியில் உட்காருவதையும் நல்ல உடுப்புப் போடுவதையும் தாங்கமாட்டாமல் துடிக்கிறாள். வேண்டாமடா, எழும்படா என்று மன்றாடுகிறாள். அவளை மட்டும் பார்ப்பவனுக்கு, அடங்கிக் கிடப்பது அவளுடைய இயல்பு என்றுதான் தோன்றும். அவளுடைய ஊரில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எத்தனையோ தலைமுறை அடியும் பசியும் சேர்ந்து செய்த ஒன்று இயல்பின் முகமூடியோடு வந்து நிற்கிறது. இந்தக் கதையை வாசித்த பிறகு, 'மனித இயல்பு' என்ற சொல்லை யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இப்போது கெத்தேல் சாகிப். கவனித்துப் பார்த்தால், கதை அவருடைய மனதுக்குள் ஒரு தடவைகூட நுழைவதில்லை. அவர் ஏன் இப்படிச் செய்கிறார், வேண்டுதலா, மார்க்கமா, இளமையில் பட்ட பசியா, தெரியாது. எங்களுக்குத் தெரிவதெல்லாம் அவருடைய பெரிய கைகள், அதட்டல், பரிமாறல், பார்க்காமை. அவர் நல்லவரா என்று சொல்ல எங்களிடம் போதிய சான்று இல்லை என்றுகூடச் சொல்லலாம். இருப்பது ஓர் ஏற்பாடு மட்டுமே.

என் தொழிலில் ஏற்பாடுகள்தான் வேலை. வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் மென்பொருள் அமைத்துக்கொடுக்கிறேன். யார், எப்போது, எதைத் தொட்டார் என்று ஒவ்வொரு அசைவும் பதிவாக வேண்டும். பதிவில்லாத அமைப்பை யாரும் கையெழுத்திட்டு ஏற்கமாட்டார்கள். மனிதன் வாய்ப்புக் கிடைத்தால் ஏமாற்றுவான் என்பது அதன் அடிப்படை, அதைத் தப்பென்றும் சொல்ல மாட்டேன். கெத்தேல் சாகிப் செய்ததோ அந்தப் பதிவை எடுத்துவிட்டதுதான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவனுக்கு இரங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சுமையைத் தன்னிடமிருந்தே அகற்றிக்கொண்டார். இரக்கத்தை அவர் நம்பவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. இரக்கம் திங்கட்கிழமை இருக்கும், செவ்வாய்க்கிழமை போய்விடும். பெட்டி இரண்டு நாளும் இருக்கும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் குருத்துவாராவின் லங்கரில் சாப்பிட்டவர்களுக்கு இது விளங்கும். அங்கே பரிமாறுகிறவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்க்கிறார். எங்கள் கோயில்களிலும் அன்னதானம் உண்டு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் உபயகாரரின் பெயர் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்குகிறது.

பெட்டியின் மறுபக்கம் அந்த மாணவன். அவனுக்குப் போடாமல் போகும் சுதந்திரம் இருந்தது. வருடக்கணக்காக அதை அனுபவித்தான். யாராவது ஒரு தடவை முறைத்திருந்தால் அவன் கடன்காரனாகியிருப்பான். கடன்காரன் கடனைத் தீர்ப்பான், அதோடு முடிந்துவிடும். யாரும் முறைக்காததால்தான், கொண்டுவந்து கொட்டிய பணத்தால் எதுவும் தீரவில்லை என்று அவனுக்குத் தெரிகிறது. அவனுடைய ஒழுக்கம் அவனோடு கூடப்பிறந்ததாகக் கதையில் ஒரு அடையாளமும் இல்லை. தொடக்கத்தில் அவனிடம் இருப்பது பசியும் வெட்கமும் வன்மமும்தான். ஒழுக்கம் அவனுக்கு வெளியிலிருந்து, சோற்றோடு வருகிறது.

மெங்சியஸ் என்ற பழைய சீன ஞானி ஒரு உதாரணம் சொல்வார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவன் நெஞ்சும் பதறும், ஆகவே நன்மை எல்லாருக்குள்ளும் முளையாக இருக்கிறது. தமிழில் புறநானூற்றின் 182ஆம் பாட்டு வேறுவிதமாகச் சொல்கிறது. அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறதாம். எல்லாரும் அப்படிப்பட்டவர்கள் என்று அந்தக் கவிஞன் சொல்லவில்லை. சிலர் இருக்கிறார்கள், அதனால் மற்றவர்களும் இருக்க முடிகிறது. பாடியவரின் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் இறந்தவர் என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

கடல் என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது 1986. ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில், மீனவர் கஸ் டால்ட்டன் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். உள்ளே 155 தமிழர்கள். அவர் தன் படகில் ஏற்றினார், மற்ற மீன்பிடிப் படகுகளும் வந்தன. நீங்கள் யார், எங்கிருந்து, ஏன் என்பதெல்லாம் பிறகு வந்த கேள்விகள். வந்தவர்கள் இந்தியாவிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அது பொய், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்பது சில நாட்களில் வெளிவந்தது. நாட்டின் ஒரு பகுதிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அரசு அவர்களுக்குத் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தது. மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பல் 492 பேரோடு மேற்குக் கரைக்கு வந்தபோது, பெண்களும் குழந்தைகளும் உட்படத் தடுப்புக்காவலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலருக்கு அது மாதக்கணக்கில் நீண்டது. அப்படி வருபவர்களைத் தடுத்துவைக்க 2012இல் தனிச் சட்டமும் வந்தது.

இருபத்துநான்கு வருடத்தில் கனடியர்களின் இயல்பு மாறிவிட்டதா? இரண்டு தடவையும் வந்தவர்கள் ஒரே சனம்தான், ஓடிவந்த காரணமும் அதே போர்தான். டால்ட்டன் இன்னொரு தடவை கண்டிருந்தாலும் ஏற்றித்தான் இருப்பார் என்று நம்புகிறேன். மாறியது ஏற்பாடு. பெட்டியைப் பார்ப்பதற்கு ஆள் போட்டார்கள். நன்மை எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எனக்குள்ள பிரச்சினை இதுதான். அது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, சட்டத்தை எழுதுகிறவரைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

ஜெயமோகனோடு என் சண்டை மாமியைப் பற்றியது. நான் 2004இல் கொன்கோடியாவில் முதுகலை படிக்க வந்தபோது கோட்-டே-நேஜில் ஒரு சின்னம்மாவின் வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். இரண்டு அறை, ஆறு பேர். கோழிக்கறியில் ஆளுக்கு இரண்டு துண்டு. மூன்றாவதுக்குக் கை நீண்டால் சட்டி மூடிக்கொள்ளும். "நாங்கள் கூப்பிட்டதாலதானே நீ இஞ்ச" என்பது சொல்லப்படாமலும் சில வேளை சொல்லப்பட்டும் மேசையில் இருக்கும். 2011இல் கதையை வாசித்து நான் அழுதது கெத்தேல் சாகிபுக்காக அல்ல. அந்த மாமியை ஒருவர் எழுதிவிட்டாரே என்ற சந்தோசத்தில்.

இப்போது வாசிக்கும்போது வேறு விடயங்கள் தெரிகின்றன. சின்னம்மா சபனெல் தெருவில் ஒரு தையல் ஆலையில் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு உழைத்தவர். ஊரிலிருந்த இரண்டு சகோதரங்களுக்கு மாதாமாதம் அனுப்பினார். இரண்டு சீட்டுக் கட்டினார். அவர் எண்ணாமல் இருந்தால் அந்த வீடு நடந்திராது. கெத்தேல் சாகிபுக்கு ஒரு கடை இருந்தது, போட்டவர் போடாதவருக்கும் சேர்த்துப் போட்டார்கள். வீட்டுச் சட்டிக்கு அப்படி வேறு வாடிக்கையாளர் இல்லை. கதை மாமிக்கு உள்ளமொன்றைக் கொடுக்கிறது, அதுவும் சின்ன உள்ளம். அவளுடைய கூடை எவ்வளவு, மாமா கொண்டுவந்தது எவ்வளவு என்ற பக்கத்தில் அது நின்று பார்ப்பதில்லை. ஆணின் பசியிலிருந்து சொல்லப்படும் கதையில் பரிமாறும் பெண் கஞ்சியாகத் தெரிவது புதிதில்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய எழுத்தாளர் அங்கே இன்னும் அரைப்பக்கம் செலவிட்டிருக்கலாம்.

இதை மகளிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு வேறு இடத்தில் கைவைத்தாள்.

"கடைசியில மாமியின்ர மகளைக் கலியாணம் கட்டுறாரே, அவவிட்ட யாராவது கேட்டவையா?"

நான் எப்போதும் அந்த முடிவைப் பெருந்தன்மை என்றே வாசித்து வந்தவன். பார்க்காமல் போடும் கையிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது அது, கணக்கை மறந்து கொடுப்பது. மகள் அதைக் கணக்கை முடிப்பதாக வாசிக்கிறாள். மாமி போட்ட சோற்றுக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு நேர்செய்கிறான், அந்தப் பெண் பெட்டிக்குள் போடப்பட்ட காசா என்று கேட்கிறாள். அது அந்தக் காலம், அந்த ஊர், அந்தப் பெண்ணுக்கு அது மீட்சியாகவும் இருந்திருக்கும் என்றேன். "இருக்கலாம், அதை அவவே சொல்லட்டும்," என்றாள்.

கடைசிப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவன் என்ன உணர்ந்தான் என்று இருக்கிறது. அவள் என்ன நினைத்தாள் என்று கதை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவிடம் போனோம். எண்பதை நெருங்குகிறார், இப்போது தனியாக இருக்கிறார். எங்களுக்காகக் கோழிக்கறி வைத்திருந்தார். மகளின் தட்டில் கேட்காமலே துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.